சத்தம் போடாத பிள்ளை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் வயிற்றில் வந்துதான் நிற்கிறது. பேரப்பிள்ளைகளின் படிப்பு, முழங்கால், பென்ஷன் எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு யாராவது ஒருவர் மெல்ல ஆரம்பிப்பார். "காலையில போச்சா?" அவ்வளவுதான், பப்பாளி, வெந்நீர், இசப்கோல் என்று ஆளுக்கொரு வைத்தியம் வந்து விழும். சிரிக்காதீர்கள், நீங்களும் அந்தக் கூட்டம்தான். ஆனால் நமக்கு வாய் இருக்கிறது. கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறோம். சொல்லத் தெரியாத வயதில் இருக்கிறவர்களைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பக்கத்து வீட்டில் ஒரு சின்னக் குடும்பம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பெங்களூரில் வேலை. விடிந்தும் விடியாத நேரத்தில் ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். அவர்களுடைய குட்டிப் பெண்ணுக்கு இரண்டரை வயது. கொஞ்ச நாளாகக் காலையில் அந்த வீட்டில் ஒரே கூச்சல். மஞ்சள் பிளாஸ்டிக் இருக்கையில் உட்காரச் சொன்னால் அது ஓடிப் போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நின்றுகொண்டு வீறிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் அம்மா மதில் ஓரமாக வந்து மன்னிப்புக் கேட்டாள்.

"சாரி ஆன்ட்டி, உங்களுக்குத் தூக்கம் கெடுது இல்ல? நேத்து இவள டாக்டர் கிட்ட தூக்கினு போனோம். அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? இவ நின்னுகினு மொகம் செவக்குறாளே, அது முக்குறது இல்லியாம். அடக்குறாளாம்! ஒரு வாட்டி வலிச்சிருக்கும், அந்த பயத்துல உள்ளயே வெச்சிக்குவாங்களாம் கொழந்தைங்க. அது கெட்டியாகி நின்னுக்குமாம். அப்புறம் ஜட்டியில தண்ணியா கசியுதே, நாங்க லூஸ் மோஷன்னு நெனச்சோம். இல்லியாம். கெட்டியா நிக்குது பாருங்க, அதும் பக்கத்துல வழிஞ்சி வர்றதாம். லூஸ் மோஷனுக்கு மாத்திரை குடுக்க இருந்தோம் ஆன்ட்டி, நல்ல வேள."

நான் கேட்டேன். "இன்னா சொன்ன? தண்ணியா வந்தாலும் உள்ள கெட்டியா இருக்குமா?"

"ஆமா ஆன்ட்டி. தண்ணி நெறைய குடுக்கணுமாம், பழம் குடுக்கணுமாம். சாப்ட்டதும் கொஞ்ச நேரம் உக்கார வெக்கணும், கால் தொங்காம கீழ ஸ்டூல் போடணும். மருந்து ரொம்ப நாள் குடுக்கணும். திட்டவே கூடாதுன்னாரு. அவசரப்படுத்தவும் கூடாதாம். எங்களுக்கு ரயிலு இருக்குது, எப்டி அவசரப்படுத்தாம இருக்கிறது சொல்லுங்க?"

வீட்டுக்குள் வந்தேன். கொதித்துக்கொண்டிருந்த பாலை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அறுபது வருஷத்துக்கு முன்னால் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த என் தம்பியின் கால்சட்டைகள் கண்முன் வந்தன. வரிசையாக ஆறேழு. எல்லாவற்றிலும் மஞ்சள் கறை.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மேலே தகரம். பக்கத்து வீட்டில் தும்மினால் இந்த வீட்டில் ஆயுசு நூறு என்று சொல்வார்கள். அதில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் ஆள் பகலில் எப்படித் தூங்குவார்? அதற்கு நம் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாபகம் இருக்கிறதா? வாசலில் கோணி தொங்கினால் உள்ளே நைட் ஷிஃப்ட் ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். கீரைக்காரி அந்த வீட்டைத் தாண்டும் வரை குரல் கொடுக்க மாட்டாள். கோலி விளையாடும் பிள்ளைகள் அடுத்த லைனுக்குப் போய்விடுவார்கள். குழாயடியில் சண்டை போடுகிறவர்கள்கூடக் கையை ஆட்டி ஆட்டித்தான் திட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக் கோணிக்கு அம்மா அடியில் இரண்டு கூழாங்கல்லை வைத்துத் தைத்திருந்தாள். ஆடிக் காற்றில், தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைட் மேட்டு மணல் பறக்கும் நாட்களில் கோணி கதவில் அடித்துக்கொண்டு சத்தம் எழுப்பக் கூடாதே என்று.

அப்பா சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போனால், வெட்டிய இடம் சரியாமல் இருக்க மரத்தை நிறுத்துவது அவர் பொறுப்பு. அங்கே கண்ணைவிடக் காதுதான் முக்கியம். பாறை சரிவதற்கு முன்னால் ஒரு சின்ன முறிவுச் சத்தம் வருமாம். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது, வீட்டில் தூங்கும்போதும் மூடாது. சுரங்கத்துக்குள் பாறை வெடித்து லைனே குலுங்கி அலமாரிப் பாத்திரமெல்லாம் கடகடவென்று ஆடினால்கூட அப்பா புரண்டுதான் படுப்பார். ஆனால் ஒரு குழந்தை சின்னதாகச் சிணுங்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எழுந்தால் பிறகு தூக்கம் வராது.

தம்பிக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. நான் மூன்றாம் வகுப்பு. அவனுக்குக் காலைக் கஞ்சி உள்ளே போனதும் வயிறு கேட்கும். பின்கட்டில் தண்ணீர் ஓடும் சாக்கடையான மோரி ஓரமாக அம்மா கால்களை நீட்டி உட்காருவாள். இரண்டு பாதங்களுக்கு மேல் அவனை உட்கார வைத்துப் பிடித்துக்கொள்வாள். அவன் அந்த வேலையை ஒரு திருவிழாவாகச் செய்வான். "ஆயி! ஆயி வா!" என்று கூப்பிடுவான். முக்குவான், கத்துவான், வந்ததும் கை தட்டுவான். அடுத்த வீட்டுக்காரர்கள், "ராஜா காரியம் ஆயிடுச்சா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்கள். பிறகு அம்மா அவனுக்காக மோரி ஓரமாக இரண்டு செங்கல்லைப் பதித்துக் கொடுத்தாள். அவன் கால் அளவுக்கு, நெருக்கமாக.

அந்த ஆடியில் அப்பாவோடு வேலை செய்தவருக்குக் கால் நசுங்கிவிட்டது. அவர் இடத்துக்கும் சேர்த்து அப்பாவைத் தொடர்ந்து நைட் ஷிஃப்டில் போட்டார்கள். காலையில் அவர் வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுக்கும் நேரமும் தம்பியின் திருவிழா நேரமும் ஒன்றாகிப் போயின. சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் எழுந்து பின்கட்டுக்கு வந்து நின்றார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். நான் அடி விழப் போகிறது என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நேத்து கீழ மரத்த புடிச்சிகினு நின்னுகினே தூங்கிட்டேன்," என்றார் அம்மாவிடம். "பக்கத்துல இருந்தவன் இழுத்தான். இல்லன்னா இன்னிக்கி என்னைத் தூக்கினுதான் வந்திருப்பாங்க."

அவர் உள்ளே போன பிறகு அம்மா தம்பியை மடியில் இழுத்து, அவன் வாய்மேல் தன் விரலை வைத்தாள். "அப்பா தாச்சி, தூங்குறாரு. இப்ப ஆயி இல்ல. அப்பா எழுந்ததும் ஆயி. இன்னாடா கண்ணு? சத்தம் போடக் கூடாது, இன்னா?"

இதற்காக அம்மாவைத் திட்ட எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. அவளுக்கு முன்னால் இருந்தது புருஷன் உயிர். பிள்ளை கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டால் என்ன ஆகிவிடும் என்று எந்தத் தாய்தான் நினைக்க மாட்டாள்?

அவன் கற்றுக்கொண்டான். அதுதான் கொடுமை. இரண்டு வயசுப் பிள்ளை அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வயிறு கேட்கும் நேரத்தில் கதவுக்குப் பின்னால் போய் நிற்பான். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இன்னொரு கால்மேல் வைத்து, நுனிக்காலில் எம்பி, உடம்பை விறைத்துக்கொண்டு நிற்பான். முகம் சிவந்து வியர்த்துவிடும். நாங்கள் எல்லாரும் அவன் முக்குகிறான், வரவில்லை என்றே நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிடும். என்னைப் பார்த்துத் தன் வாய்மேல் தானே விரலை வைத்து, "தாச்சி" என்பான். குழாயடி முழுக்க இவன் பெருமைதான். "எவ்ளோ சமத்து பாரு, நைட் ஷிஃப்ட்காரன் புள்ளைன்னா இப்டி இருக்கணும்."

பகல் ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதி, அப்பா எழுந்த பிறகு அம்மா அவனைச் செங்கல்லில் உட்கார வைப்பாள். அப்போது வராது. அன்றைக்கு அடக்கியது அடுத்த நாள் இறுகி, அதற்கடுத்த நாள் இன்னும் இறுகி, கடைசியில் ஒரு நாள் வந்தபோது கல் மாதிரி வந்தது. கூடவே இரத்தம். அவன் கத்த வாயைத் திறந்தான். திறந்த வாயை அவனே கையால் மூடிக்கொண்டான். அன்றைக்கு அப்பா விழித்துத்தான் இருந்தார், கோணி தொங்கவும் இல்லை. அது எங்களுக்குத் தெரியும், அவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த லைனில் இருந்த அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. லைனில் எந்தக் குழந்தைக்கு வயிறு நோவென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல மனுஷி, ஓடி ஓடிச் செய்வாள். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து அவனுக்குப் பின்னால் வைத்தாள். அதில் ஆகவில்லை என்று சோப்பைச் சீவி வைத்தாள். இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வந்தது. "பாத்தியா, ஆயிடுச்சி" என்று கையைக் கழுவிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவன் வெற்றிலையைப் பார்த்தாலே நடுங்கினான். அத்தை வாய் சிவக்கச் சிரித்துக்கொண்டு வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். முன்னே அப்பாவின் தூக்கத்துக்காக அடக்கினான். இப்போது வலிக்குப் பயந்து அடக்கினான்.

கஞ்சி இறங்கவில்லை. கை கால் சூம்பி, வயிறு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அப்புறம்தான் அந்த மஞ்சள் கறை வர ஆரம்பித்தது. விளையாடிக்கொண்டே இருப்பான், கால்சட்டை நனைந்திருக்கும். நாற்றம் வேறு. அம்மா மாற்றுவாள், அடுத்த நிமிஷம் மறுபடியும். குழாயில் தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம், அதில் எத்தனை துணிதான் அலசுவாள்? ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவன் தொடையில் ஒன்று வைத்தாள். அவன் அழுதான். சத்தமில்லாமல் அழும் குழந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வாய் திறந்திருக்கும், கண்ணீர் கொட்டும், தோள் குலுங்கும். காதுக்கு மட்டும் ஒன்றும் வராது. அம்மா அவனை இழுத்து அணைத்துக்கொண்டு தானும் அதே மாதிரிதான் அழுதாள். உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

அத்தை துணியை எடுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "கழியுது. பல்லு மொளைக்கிற பேதி. தண்ணிய நிறுத்து. தண்ணி குடுக்கக் குடுக்கக் கழியத்தான் செய்யும். மாதுளம்பழத்தோல கொதிக்க வெச்சி ஒரு பாலாடை குடு. சாதிக்காய உரச்சி நாக்குல தடவு. கட்டிக்கும்."

கட்டிக்கொண்டுதான் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? தண்ணீரை நிறுத்தினார்கள். மாதுளைத்தோல் கஷாயத்தை மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். அவன் பானைக்குப் பக்கத்தில் போய் நின்று என்னைப் பார்த்து, உதடு மட்டும் அசைய, "தண்ணி" என்பான். அம்மா தலையை ஆட்டுவாள். பிள்ளைமேல் ஆசை இருந்ததால்தான் அப்படி மறுத்தாள்.

அப்பாதான் ஒரு நாள் சந்தேகப்பட்டார். சாயங்காலம் எழுந்தவர் அவனைத் தூக்கித் தோளில் போடப் போனார். வயிறு கையில் தட்டுப்பட்டது. கட்டிலில் படுக்க வைத்து விரலால் வயிற்றில் தட்டித் தட்டிக் காதைக் கிட்டே கொண்டுபோனார். கீழே பாறையையும் இப்படித்தான் தட்டிப் பார்ப்பார்களாம்.

"இன்னாக்கா, பேதின்னு சொல்றே, இங்க இவ்ளோ கெட்டியா கீது?"

"அது வாயுடா. கொழந்த வயிறு அப்டிதான் இருக்கும். உனுக்கு இன்னா தெரியும்?"

"எதுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒருவாட்டி தூக்கினு போ," என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குள் நைட் ஷிஃப்ட் சங்கு ஊதியது. விளக்கையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த நாள் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத்தான் இருந்தாள். அத்தை காலையிலேயே வந்துவிட்டாள். அப்பா சொன்னது அவள் மனசிலும் வேலை செய்திருக்க வேண்டும். "அவன் சொன்னது நெசமா இருந்தாலும் இருக்கும். உள்ள கசடு நின்னு போயிருக்கும். அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? ஒரு பேதிக்கு குடுத்தா எல்லாம் சுத்தமாயிடும்," என்று விளக்கெண்ணெய் பாட்டிலைத் திறந்தாள். ஒரு பாலாடை உள்ளே போனது. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று இன்னொரு பாலாடை.

அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்தார். வாசலில் கோணி தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை. அவன் கதவுக்குப் பின்னால் போய் நின்றான். வழக்கம்போலத்தானே என்று எல்லாரும் இருந்தோம். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், பிறகு உட்கார்ந்தான், பிறகு முழங்காலை மடக்கிப் படுத்தான். ஒரு தரம் வாந்தி எடுத்தான், பச்சையாக. "எண்ணெ ஒத்துக்கல, வந்துடுச்சி, விடு," என்றாள் அத்தை. அம்மா துடைத்தாள். மறுபடி எடுத்தான். ஒரு முனகல்கூட அவனிடமிருந்து வரவில்லை. சத்தம் போட்டிருந்தால் அப்பா எழுந்திருப்பார். எழுந்திருந்தால் அத்தை பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்க மாட்டார், தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். ஒரே ஒரு கத்தல் போதும். அதைத்தான் நாங்கள் அவனிடமிருந்து எடுத்துவிட்டிருந்தோம்.

அம்மா போய்த் தொட்டபோது கால் சில்லிட்டிருந்தது. அவள் போட்ட கூச்சலில்தான் அப்பா எழுந்தார். செருப்புப் போடாமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பின்னால் அம்மா, அவள் பின்னால் நான்.

டாக்டர் வயதானவர். வயிற்றில் கை வைத்ததுமே அவர் முகம் மாறியது. செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஊசி போட்டார்கள், காலில் தண்ணீர் ஏற்றினார்கள். நடுவில் அவர் கோபமாகத் திரும்பினார். "இவ்வளவு முத்தும்வரைக்கும் என்னம்மா செய்தீர்கள்? இந்த வலிக்குப் பெரிய ஆளே தாங்காமல் உருளுவான். குழந்தை கத்தியிருக்குமே, கேட்கவில்லையா?"

அம்மா கை கூப்பிக்கொண்டு சொன்னாள். "கத்தலீங்க. அவங்க அப்பா தூங்கும்போது சத்தமே போட மாட்டான்ங்க. ரொம்ப சமத்துங்க."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். சாயங்காலம் தம்பி போய்விட்டான்.

அதற்கப்புறம் அத்தையிடம் யாரும் குழந்தையைக் காட்டவில்லை என்று நினைக்காதீர்கள். காட்டினார்கள். எங்கள் வீட்டிலும்கூட யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. "பேதியில போயிட்டான்" என்றுதான் லைனில் பேச்சு. நானும் அறுபது வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் தம்பி பேதியில் போனான் என்று. பக்கத்து வீட்டுப் பெண் மதில் ஓரமாக நின்று சொல்லும்வரை, குடலை அடைத்துக்கொண்டு கிடந்ததன்மேல்தான் பேதி மருந்தை ஊற்றினோம் என்று எனக்கு உறைக்கவில்லை.

காரியம் முடிந்து சில நாளில் அப்பா மறுபடி நைட் ஷிஃப்டுக்குப் போனார். முதல் நாள் காலையில் வந்தார். குளித்தார். அம்மா தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். அவர் படுக்கப் போகிறார் என்றதும் அம்மா பழக்கத்தில் கோணியை எடுத்து வாசலில் தொங்கவிட்டாள். அப்பா எழுந்து போனார். கோணியைப் பிடித்து ஒரு இழு. ஆணியோடு வந்தது. தைத்திருந்த கூழாங்கற்கள் தரையில் உருண்டன. கோணியைச் சுருட்டி வெளியே எறிந்துவிட்டு, கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வந்து படுத்தார்.

"சத்தம் போடுங்க," என்றார்.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"யாராவது சத்தம் போடுங்கம்மா. பாத்திரத்த உருட்டுங்க. எதயாவது பேசுங்க. எனுக்கு இந்த வீடு இப்டி இருந்தா தூக்கம் வராது."

வெளியே கோணி இல்லை. ஆனாலும் அந்தக் காலை நேரத்தில் எங்கள் வீட்டுக்கு நைட் ஷிஃப்ட் ஆள் வந்திருக்கிறார் என்று லைன் முழுக்கத் தெரியும். கீரைக்காரி கூடையோடு எங்கள் வாசலைக் குரல் கொடுக்காமல் கடந்து போனாள். குழாயடியில் பெண்கள் கிசுகிசுத்தார்கள். நான் ஏதாவது பாடம் படிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அப்பா கண்ணைத் திறந்துகொண்டு தகரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். அம்மா அவருக்குக் காபி கொண்டுவந்தாள். கட்டிலுக்கு அருகில் குனிந்து, தரையில் சுண்டுவிரலை முதலில் ஊன்றி, அதன்மேல் டம்ளரைச் சாய்த்து, சத்தம் வராமல் மெதுவாக வைத்தாள்.